முதலாண்டும் குவாட்டரும்

மரக்காணம், கூனிமேடு, அனுமந்தை, எக்கியார்குப்பம் பக்கத்து ஊர்களிலிருந்து இந்த ஆண்டு கல்லூரியில் சேரும் மாணவ மாணவியருக்கு ஒரு திறந்த மடல்

கல்லூரி முதலாண்டு மாணவரின் குடி தினக்குடியாக இருப்பது அரிது. மாதத்துக்கு ஒருமுறை, விடுமுறைக்கு ஒருமுறை, யாராவது ‘ட்ரீட்’ வைத்தால் ஒருமுறை என்றுதான் அது நடக்கும். ஆனால் நடக்கும் அன்று வேகமாக, ஒரே உட்காரலில், கையில் இருப்பது தீரும்வரை நடக்கும். குடியை ஆராய்பவர்கள் இதைத் தினக்குடியிலிருந்து பிரித்துத் தனி வகையாக வைத்திருக்கிறார்கள். ஒரு தடவை உட்கார்ந்து எழுவதற்குள் 60 கிராமோ அதற்கு மேலோ தூய ஆல்கஹால் உடம்புக்குள் போனால் அது மிகைக்குடி என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். அமெரிக்காவில் ஒரு ‘ட்ரிங்க்’ என்பது 14 கிராம். ஆண் ஐந்து, பெண் நான்கு என்ற கணக்கில் சுமார் இரண்டு மணி நேரத்துக்குள் குடித்தால் அங்கே அதே பெயர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹென்றி வெக்ஸ்லர் 1993இல் 140 கல்லூரிகளில் எடுத்த கணக்கெடுப்பில், முந்தைய இரண்டு வாரத்தில் ஒருமுறையாவது இப்படிக் குடித்ததாகச் சொன்ன மாணவர்கள் 44 விழுக்காடு. கல்லூரிக் குடி என்றாலே எத்தனை நாள் என்பதைவிட ஒரு நாளில் எவ்வளவு என்று கேட்கும் வழக்கம் அந்த ஆய்வுக்குப் பிறகுதான் பரவியது.

தமிழ்நாட்டில் அந்த ‘எவ்வளவு’ என்பதைக் குடிப்பவர் முடிவு செய்வதில்லை. புட்டி முடிவு செய்கிறது. டாஸ்மாக் கடையில் பிராந்தி, ரம், விஸ்கி எல்லாம் மூன்று அளவில் வருகின்றன: 180 மில்லி குவாட்டர், 375 மில்லி ஆஃப், 750 மில்லி ஃபுல். லேபிளில் 42.8 விழுக்காடு என்றும் 75 டிகிரி ப்ரூஃப் என்றும் அச்சிட்டிருக்கும், இரண்டும் ஒன்றுதான். உப்பளத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு டிகிரி புதிதல்ல. கடல்நீர் பாத்தி பாத்தியாக ஏறி 25 டிகிரியைத் தொட்டால்தான் உப்பு பூக்கும் என்பதும், பார்வைக்கு எல்லாப் பாத்தித் தண்ணீரும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதும் அவர்கள் அறிந்தது. புட்டிக்கும் அதே கணக்குதான். 180 மில்லியில் 42.8 விழுக்காடு என்றால் 77 மில்லி தூய ஆல்கஹால். எடையில் ஏறத்தாழ 61 கிராம். உலகச் சுகாதார நிறுவனம் மிகைக்குடி என்று கோடு போட்ட இடத்தில்தான் தமிழ்நாட்டின் மிகச்சிறிய புட்டி தொடங்குகிறது.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ‘ஒரு குவாட்டர்தானே’ என்ற பேச்சில் அந்தத் ‘தானே’ எங்கிருந்து வந்தது? ஆஃப், ஃபுல் என்ற பெரிய அளவுகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதால் வந்தது. இந்தியக் குடிநோய் மருத்துவர்கள் பொதுவாக 10 கிராமை ஒரு யூனிட் என்று எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கணக்கில் ஒரு குவாட்டர் ஆறு யூனிட். இரண்டு பேர் பங்கு போட்டால், அதாவது ஆளுக்கு ஒரு ‘கட்டிங்’ என்றால், மூன்று யூனிட். 650 மில்லி பீர், ஐந்து விழுக்காடு என்றால் இரண்டரை யூனிட். எட்டு விழுக்காட்டு ‘ஸ்ட்ராங்’ என்றால் நான்கைத் தாண்டும். ‘பீர் எல்லாம் சரக்கே இல்லை’ என்று சீனியர்கள் சொல்லும் வாக்கியத்துக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. 50 கிலோ எடையுள்ள மாணவிக்கும் 60 கிலோ மாணவனுக்கும் ஒரே கட்டிங் ஒரே விளைவைத் தராது. பெண்ணுடலில் நீரின் பங்கு குறைவு. அதே அளவு ஆல்கஹால் குறைந்த நீரில் கலக்க, இரத்தத்தில் அதன் செறிவு ஏறும். பெண்களுக்குக் கோடு ஒரு ட்ரிங்க் கீழே போடப்பட்டிருப்பதன் காரணம் இதுதான். ஒழுக்கம் பற்றிய தீர்ப்பு எதுவும் அதில் இல்லை.

அளவுக்கு அடுத்தது இடம். இருபத்தொரு வயது ஆகாதவருக்கு மது விற்கக் கூடாது என்பது தமிழ்நாட்டு விதி. பதினேழரை, பதினெட்டு வயதில் கல்லூரிக்குள் நுழைபவர் மூன்றாண்டுப் பட்டப்படிப்பை முடிக்கும்போதுதான் அந்த வயதைத் தொடுகிறார். ஆகவே அவருடைய மொத்தக் கல்லூரிக் குடியும் சட்டப்படி ஒளிவுக்குடி. வீட்டில் முடியாது, விடுதியில் முடியாது, பாரில் உட்காரத் தயக்கம். மிஞ்சுவது கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய சவுக்குத் தோப்பு, ஆள் இல்லாத உப்பளக் கரை, கட்டி முடியாத வீட்டின் மொட்டை மாடி. அங்கே நடப்பதற்கு ஒரு வரிசை உண்டு. வயது தெரியும் தோற்றமுள்ள ஒருவர் கடைக்குப் போவார். இரண்டு பிளாஸ்டிக் டம்ளர், இரண்டு தண்ணீர் பாக்கெட், ஒரு மிக்சர் பொட்டலம். அளவுக்கு விரல்தான்: டம்ளரின் அடியில் இரண்டு விரல் வைத்துப் பார்த்து ஊற்றுவார்கள். டம்ளர் மாறினால் அளவும் மாறும். அதை யாரும் கவனிப்பதில்லை. யாராவது வந்துவிடுவார்கள் என்ற பயத்தில் தண்ணீர் குறையும், வேகம் கூடும். புட்டியை எடுத்துப்போக முடியாது, மிச்சம் வைக்கவும் மனம் வராது. இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். ஆல்கஹால் இரத்தத்தில் உச்சத்தைத் தொட அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்வரை ஆகலாம். அதனால் ‘எனக்கு ஏறவே இல்லடா’ என்று ஒருவர் சொல்லும் நேரமும், அடுத்த புட்டிக்குப் பணம் சேர்க்கும் நேரமும் ஒன்றாகவே அமைகின்றன. ஒளிவு குடியைக் குறைக்கும் என்று பெற்றோர் நம்புவார்கள். எத்தனை தடவை என்பதை அது குறைக்கலாம். ஒரு தடவையின் அளவை அது கூட்டியே விடுகிறது.

இந்தக் கடற்கரைக்கு இன்னொரு வசதியும் உண்டு. வசதி என்று சொல்வது சரிதானா என்பது வேறு. மரக்காணத்திலிருந்து மேற்கே திண்டிவனம் ஏறத்தாழ 35 கிலோமீட்டர், தெற்கே புதுச்சேரியும் கிட்டத்தட்ட அதே தொலைவு. திண்டிவனத்து அரசுக் கல்லூரியில் சேர்பவருக்குக் குடிக்கும் வயது 21. புதுச்சேரியின் காலாப்பட்டுப் பக்கத்துக் கல்லூரியில் சேர்பவருக்கு 18. ஒரே தெருவில் வளர்ந்து ஒரே பள்ளியில் பிளஸ் டூ முடித்த இருவரில் ஒருவருக்குச் சட்டம் மூடிய கதவு, மற்றவருக்குத் திறந்த கதவு. புதுச்சேரியில் வரி குறைவு, கடைகள் பெரும்பாலும் தனியாருடையவை, ரெஸ்டோ பார்கள் இரவு நெடுநேரம் இசையோடு இயங்குபவை; தமிழ்நாட்டில் இல்லாத கள்ளுக்கடையும் சாராயக்கடையும் அங்கே உரிமத்தோடு உண்டு. ‘பாண்டிக்கு ஒரு ட்ரிப்’ என்பது இந்தச் சாலையில் உள்ள எந்தக் கல்லூரியிலும் விளக்கம் தேவைப்படாத வாக்கியம். அங்கே பதினெட்டு வயதில் குடிப்பது குற்றமல்ல. அங்கே வாங்கிய புட்டியைப் பையில் போட்டுக்கொண்டு அனுமதியின்றி எல்லை தாண்டுவது 1937ஆம் ஆண்டுத் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தின்கீழ் குற்றம், வண்டியும் பறிபோகலாம். வண்டி பெரும்பாலும் அப்பாவுடையது.

காலமும் ஒரு கூறு. அமெரிக்கக் கல்லூரிகளில் முதல் ஆறு வாரம் ஆபத்தான காலம் என்று அந்நாட்டு மதுசார்ந்த நோய்கள் ஆய்வு நிறுவனம் எச்சரிக்கிறது. பழைய நண்பர்கள் இல்லை, புதியவர்கள் இன்னும் அமையவில்லை, தேர்வு தொலைவில் இருக்கிறது. பழகிக்கொள்ளக் கிடைக்கும் எளிய கருவியாகக் குடி வந்து நிற்கிறது. தமிழ்நாட்டில் கலை அறிவியல் கல்லூரிகளின் முதலாண்டு ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ தொடங்கும். பொறியியல் கலந்தாய்வு முடிய ஆகஸ்ட், செப்டம்பர் ஆகிவிடும். கலைக்கல்லூரி மாணவரின் முதல் ஆறு வாரத்தில் பெரும்பகுதி ஆடி மாதத்தில் விழுகிறது. அம்மன் கோயில்களில் கூழ் வார்த்தல், தீமிதி, இரவு நாடகம் என்று ஊர் விழித்திருக்கும் மாதம் அது. கல்லூரியில் கிடைத்த புதுக் கூட்டாளி ஊர்த் திருவிழாவுக்கு வருகிறான், ஊர்க் கூட்டாளி அவனைக் ‘கவனிக்கிறான்’. கல்லூரிக் குடி விடுதியில் மட்டும் முளைப்பதாக நினைக்கும் நிர்வாகங்கள் இதைக் கணக்கில் கொள்வதில்லை. அடுத்த மேடு தீபாவளி. அதற்கடுத்தது டிசம்பர் 31 இரவு. அன்று சென்னையிலிருந்து புதுச்சேரிவரை இந்தச் சாலை முழுக்க இரு சக்கர வண்டிகள். பிறகு செமஸ்டர் முடிவு, மாசி மகம், யாராவது ஒருவரின் அக்கா கல்யாணம்.

இவ்வளவையும் படித்தால் முதலாண்டில் எல்லோரும் குடிக்கிறார்கள் என்று தோன்றலாம். உண்மை நிலவரம் அப்படி இல்லை. எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய போதைச் சிகிச்சை மையம் நடத்தி 2019இல் வெளிவந்த நாடு தழுவிய கணக்கெடுப்பின்படி, 10 முதல் 75 வயதுவரை உள்ள இந்தியரில் மது அருந்துபவர் 14.6 விழுக்காடு. ஆண்களில் 27.3, பெண்களில் 1.6. நான்கு ஆண்களில் ஏறக்குறைய மூன்று பேர் குடிப்பதே இல்லை என்று இதைத் திருப்பிப் படிக்கலாம். ஆனால் குடிக்காதவர் குடிக்காததைச் சொல்லிக்கொண்டு திரிவதில்லை. குடித்தவர் மறுநாள் கேன்டீனில் அதையே கதையாக்குகிறார்; யார் வாந்தி எடுத்தான், யார் ‘மட்டையானான்’, யார் வார்டனிடம் சிக்கவிருந்தான் என்று. ஒரு கதை பத்துப் பேர் காதில் விழுகிறது. பத்துப் பேர் சும்மா தூங்கியது யார் காதிலும் விழுவதில்லை. அமெரிக்க ஆய்வாளர்கள் பெர்க்கின்ஸும் பெர்கோவிட்ஸும் 1986இல் இதைத்தான் கண்டார்கள்: சக மாணவர்களின் குடியை மாணவர்கள் கூட்டியே மதிப்பிடுகிறார்கள். பின்னர் வந்த ஆய்வுகள், அந்தத் தப்புக் கணக்கை நம்புகிறவர் அதற்கு ஈடாகத் தானும் கூடுதலாகக் குடிக்கிறார் என்று காட்டின. ‘எல்லாரும் அடிக்கிறாங்க’ என்பது தகவல் போல ஒலிக்கும். அது பெரும்பாலும் கேன்டீன் கதைகளின் கூட்டுத்தொகை.

‘நம்ம பாட்டன் பூட்டன் குடிக்காததா’ என்ற வாதமும் இந்த ஊரில் அடிக்கடி வரும். அதற்கு ஆதாரம் இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நத்தத்தனார் மரக்காணத்துக்கு வடக்கே உள்ள இடைக்கழிநாட்டுக்காரர். அதில் வரும் எயிற்பட்டினம் மரக்காணமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அங்கே அலை ஒதுக்கிய மணமுள்ள மரத்தை விறகாக்கி நுளையர் மகள் அரித்தெடுத்த முதிர்ந்த தேறலைப் பரதவர் பாணருக்குக் கொடுப்பதையும், கூடவே சுட்ட மீன் கிடைப்பதையும் பாட்டு சொல்கிறது. ஆனால் அந்தக் காட்சியில் வீடு இருக்கிறது, விருந்தினர் இருக்கிறார், சாப்பாடு இருக்கிறது, ஊற்றுபவர் அளவு அறிந்தவர். புளிக்க வைத்த பானத்தின் வீரியமும் வேறு. கள் பொதுவாகப் பீர் அளவுக்குத்தான் நிற்கும். காய்ச்சி வடித்த 42.8 விழுக்காட்டைச் சவுக்குத் தோப்பில் மிக்சரோடு இருபது நிமிடத்தில் முடிப்பதற்குச் சங்க இலக்கியத்தைச் சாட்சிக்கு அழைப்பது பொருந்தாது.

சீனியர் விஷயத்துக்கு வந்தால், முதலாண்டு மாணவரின் முதல் டம்ளரைப் பெரும்பாலும் நிரப்புபவர் இரண்டாம், மூன்றாம் ஆண்டுக்காரர். அன்பாக ஊற்றுவதற்கும் மிரட்டி ஊற்றுவதற்கும் இடையில் உள்ள கோடு விடுதி அறையில் மெல்லியது. ‘ஒரு சிப் அடி, இல்லேன்னா மரியாதை இல்லேன்னு அர்த்தம்’ என்பது எந்தப் பக்கம் சேரும்? சட்டப்படி ராகிங் பக்கம். சிதம்பரத்தில் 1996 நவம்பரில் மருத்துவ மாணவர் பொன் நாவரசு கொல்லப்பட்டதை அடுத்து, 1997இல் தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்றியது. ராகிங் செய்தவருக்கு இரண்டு ஆண்டுவரை சிறை. இமாச்சலப் பிரதேசத்தில் 2009 மார்ச்சில் அமன் கச்ரூ என்ற முதலாண்டு மருத்துவ மாணவர் குடிபோதையில் இருந்த சீனியர்கள் அடித்ததில் இறந்தார். அந்த ஆண்டே பல்கலைக்கழக மானியக் குழுவின் ராகிங் தடுப்பு விதிகள் வந்தன. சேர்க்கையின்போது மாணவரும் பெற்றோரும் கையெழுத்திடும் உறுதிமொழிப் படிவம் அவற்றிலிருந்து வந்ததுதான். பலரும் படிக்காமல் கையெழுத்திடும் தாள் அது. புகாருக்கு 1800-180-5522 என்ற எண் இரவும் பகலும் இயங்குகிறது.

சாலைக்கு மறுபடி வரலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவுப்படி 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். 60 கிலோ எடையுள்ள ஆண் வெறும் வயிற்றில் ஒரு கட்டிங் அடித்தால் அந்த அளவு தோராயமாக 75ஐத் தொடும். ஒரு குவாட்டர் என்றால் 150க்குப் பக்கம். கல்லீரல் மணிக்குச் சுமார் 15 வீதம்தான் அதை இறக்கும். இரவு பத்து மணிக்கு முடித்த குவாட்டர் உடம்பைவிட்டு முழுக்க வெளியேற மறுநாள் காலை எட்டு மணி ஆகும்; காலை ஐந்து மணிக்குத் ‘தெளிஞ்சிருச்சு’ என்று கிளம்புபவருக்குச் சட்ட வரம்புக்கு மேலேயே இருக்கும். மோர், எலுமிச்சைச் சாறு, தலைக்குக் குளியல், கறுப்புக் காப்பி எதுவும் கல்லீரலை விரட்டி வேலை வாங்காது. குளித்தவர் ஈரமான குடிகாரர், அவ்வளவுதான்.

‘மட்டை’ என்று சிரித்துவிட்டுப் போகும் நிலையிலும் இரண்டு வகை உண்டு. நடந்து பேசிச் சண்டை போட்டுவிட்டு மறுநாள் எதுவுமே நினைவில்லை என்பது ஒன்று. வேகமாகக் குடிப்பவருக்கே அது அதிகம் வரும், ஏனெனில் செறிவு சடாரென்று ஏறும்போது மூளை புதிய நினைவைப் பதிவதை நிறுத்திவிடுகிறது. தட்டினாலும் கிள்ளினாலும் எழாமல் கிடப்பது மற்றொன்று. அது உயிர் தொடர்பானது. மூச்சு விட்டுவிட்டு வருவது, உடம்பு சில்லிட்டு உதடு நீலம் பாய்வது, வாந்தி எடுத்தும் விழிக்காமல் கிடப்பது எல்லாம் அதன் அறிகுறிகள். அத்தகையவரை மல்லாக்கப் படுக்க வைத்தால் வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தனியே விடாமல், 108ஐ அழைப்பதே செய்ய வேண்டியது. விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பதும் வாயில் தண்ணீர் ஊற்றுவதும் கூடாது. போலீசுக்குத் தெரிந்துவிடும், வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில் நண்பர்கள் தாமதிக்கும் மணி நேரத்தில்தான் பலர் இறக்கிறார்கள்.

மரக்காணம் என்ற பெயர் 2023 மே மாதம் நாடெங்கும் செய்தியில் வந்தது மெத்தனாலால். எக்கியார்குப்பத்தில் விற்ற சாராயத்தில் தொழிற்சாலை மெத்தனால் கலந்திருந்தது. அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்திலும் சாவுகள் நேர்ந்தன. இரு இடமும் சேர்த்து இறந்தவர் 20க்கு மேல். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியும் ஜிப்மரும் மற்றவர்களைக் காப்பாற்றப் போராடின. ஓராண்டு கழித்து 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கூலி வேலை செய்பவர்களே இந்தச் சாவுகளில் மிகுதி. மாணவர்களுக்கு இதில் என்ன? கடை மூடிய இரவு பத்து மணிக்குப் பிறகோ விடுமுறை நாளிலோ ‘பிளாக்’கில் வாங்கும்போது உள்ளே என்ன இருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். மெத்தனாலைத் தனி மணமோ சுவையோ காட்டிக்கொடுக்காது. குடித்ததும் சாதாரணப் போதை. பன்னிரண்டு மணி நேரமோ ஒரு நாளோ கழித்துத்தான் அது ஃபார்மிக் அமிலமாக மாறி வயிற்றுவலி, மூச்சிரைப்பு, பார்வையில் பனிமூட்டம் என்று வெளிப்படும். ‘ஹேங்ஓவர்’ என்று படுத்துக்கிடப்பவர் கண் மங்குகிறது என்று சொன்னால் காத்திருக்க நேரமில்லை. முறிமருந்தும் டயாலிசிஸும் இருக்கின்றன. அவை பயன்படுவது நேரத்தோடு போனவருக்கு.

குடி பழக்கமாகிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த பத்துக் கேள்விகள் உண்டு, ஆடிட் என்பார்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை, ஒரு நாளில் எவ்வளவு என்பவை முதல் இரண்டு. மூன்றாவது, ஒரே அமர்வில் ஆறு யூனிட்டோ அதற்கு மேலோ எத்தனை முறை என்பது; தமிழ்நாட்டில் அதைக் குவாட்டர் கேள்வி என்றே வைத்துக்கொள்ளலாம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆலன் மார்லட்டும் உடனிருந்தவர்களும் கல்லூரி மாணவர்களுக்கென்றே உருவாக்கிய முறையில் மொத்தம் இரண்டு சந்திப்புகள்தான். உபதேசம் கிடையாது, மாணவரின் அளவையும் சக மாணவர்களின் உண்மையான அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி, குறைப்பதா நிறுத்துவதா என்பதை அவரிடமே விடுவார்கள். இது குடியைக் குறைப்பதாகப் பல ஆய்வுகளில் தெரிந்தது. இங்கே கல்லூரிகள் ஆண்டுக்கொருமுறை உறுதிமொழி வாசிக்கவைத்துப் புகைப்படம் எடுப்பதோடு நின்றுவிடுகின்றன. ஆலோசகர் இருக்கும் கல்லூரிகளிலும் அவர் அறை பெரும்பாலும் முதல்வர் அறைக்கு எதிரே இருக்கும், அந்த வாசலில் காத்திருக்க எந்த மாணவருக்கும் தைரியம் வராது. வெளியே கிடைக்கும் வழிகள் சில: போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, தமிழ்நாட்டின் மருத்துவ ஆலோசனை எண் 104, மனநலத்துக்கான டெலிமானஸ் 14416. மரக்காணத்திலிருந்து பேருந்தில் எட்டும் தொலைவில் ஜிப்மரிலும் முண்டியம்பாக்கத்திலும் மனநலப் பிரிவின் புறநோயாளிச் சீட்டு போட்டால் போதும். தனியே போகலாம், பதினெட்டு முடிந்தவருக்குப் பெற்றோர் கையெழுத்து தேவையில்லை.